பாதி முடிச்சு

வெள்ளைக் கோடித் துணியைக் குனிஹிரோ மூன்றாவது முறையாகத் தள்ளி வைத்தார். பிணத்துக்கு உடுத்திப் பெட்டியில் வைக்க வந்திருந்த இகாராஷி அதை எடுத்து மறுபடியும் படுக்கையின் ஓரத்திலேயே வைத்தார். அந்த மனிதரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"அவளுக்கு இதுதான்" என்று மடியிலிருந்த காகிதப் பொதியைத் தட்டினார் குனிஹிரோ. உள்ளே இருந்தது அவர் மனைவி தமாயோ கடைசியாகச் சாயமிட்ட பட்டுக் கிமோனோ.

தமாயோ நேற்று விடியற்காலையில் போய்விட்டாள். இப்போது வடக்கே தலைவைத்துக் கிடந்தாள். கனஸாவாவில் பட்டில் சாயம் தீட்டுகிறவர்கள் பூவும் இலையுமாக எழுதுவார்கள். இவள் எழுதியது முடிச்சு. மொய் உறைகளின் மேல் கட்டுகிற காகிதக் கயிற்றின் விதவிதமான முடிச்சுகளை முப்பது வருடம் துணியில் வரைந்து பேர் வாங்கியவள்.

"தம்பி, அடம் பிடிக்காதீங்க" என்றாள் கினுகோ. தமாயோவின் அக்கா. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கிமோனோ உடுத்தக் கற்றுக்கொடுத்தவள். "அது தப்பாப் போன துணி. உங்களுக்கே தெரியும்."

தெரியும். மார்ச்சில் தைத்து வந்த அன்றே கினுகோ அதைத் தங்கைக்கு உடுத்திப் பார்த்தாள், எல்லாரும் உடுத்துகிறபடி இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து. இடது தொடையருகே ஒரு சிவப்புக் கயிறு பாதி முடிச்சோடு அறுந்து நின்றது. மீதிப் பாதியான வெள்ளைக் கயிறு, உள்ளே மறைந்துபோகிற வலப்பக்கத்தில் கிடந்தது. கல்யாண முடிச்சை யாராவது வெட்டி வைப்பார்களா? கினுகோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று குனிஹிரோ சொன்ன வார்த்தைதான் இப்போது அவரையே அறுத்துக்கொண்டிருந்தது. "முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். இடம் எது வலம் எதுன்னு என்னைக் கேட்டிருக்கலாமே?"

தமாயோ இருமலுக்கு நடுவே சிரித்தாள். "எனக்கு அது சரியா வரும், விடுங்க. நான் போற அன்னைக்கு இதையே போட்டுவிடுங்க, போதும்."

மருந்து புத்தியைக் குழப்பிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். இப்போதும் அப்படித்தான் நினைத்தார். தப்பாகவே இருக்கட்டும். அவள் கேட்டது அதைத்தான்.

"சாயங்காலம் சாயக்காரங்க சங்கமே திரண்டு வரும்" கினுகோ விடவில்லை. "அவங்க முகத்தையா பார்ப்பாங்க? துணியைத்தான் பார்ப்பாங்க. கடைசியில அவளுக்குக் கையும் போச்சு, புத்தியும் போச்சுன்னு பேசுவாங்க. எனக்குப் பொறுக்காது."

"பேசட்டும். அவங்க வாய்க்கு நான் பிரேக்கா போட முடியும்?"

"இதுலயும் பஸ்ஸா?"

"அக்கா, அவ என்கிட்ட கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதான்." குனிஹிரோ பொதியை விடவில்லை. "நீங்க உடுத்தலைன்னா நானே உடுத்துவேன். கோணலா வந்தா வரட்டும்."

கோணலான கிமோனோவைக் கினுகோ தன் கண்ணெதிரே ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. "தள்ளுங்க" என்று கையை நீட்டினாள். "உடுத்திவிடறேன். ஆனா பெட்டியை மூடியே வைக்கணும். மூடியில முகத்துக்கு நேரா இருக்கிற சன்னல் போதும்."

அவர் தலையசைத்தார்.

இகாராஷி போர்வையைத் தூக்கிப் பிடிக்க, அதன் மறைவில் தங்கையின் கைகளைச் சட்டைக்கைக்குள் நுழைத்தாள் கினுகோ. பிறகு அறுபது வருடப் பழக்கத்தில் இடப்பக்கத்தை இழுத்து மேலே மடித்தாள்.

"அம்மா" என்றார் இகாராஷி மெதுவாக. "போனவங்களுக்கு வலப்பக்கம்தான் மேல வரணும்."

கினுகோவின் கை நின்றது. அவள் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. வலப்பக்கத்தை மேலே போடாதே, அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. தங்கை இப்போது பிணம் என்பதை அவள் கை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மடிப்பைப் பிரித்தாள். இடப்பக்கத்தை உள்ளே விட்டு, வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்தாள்.

வெள்ளைக் கயிறு குறுக்கே வந்து சிவப்புக் கயிற்றைத் தொட்டது. இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே முடிச்சாயின. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாத முடிச்சு. அவர்கள் கல்யாண உறைகளில் இருந்ததும் அதுதான், எதிரே நின்று பார்க்கிறவருக்கு இடப்பக்கம் வெள்ளையும் வலப்பக்கம் சிவப்புமாக.

குனிஹிரோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவளுக்கா இடம் வலம் சொல்லிக்கொடுக்கப் போனார்?

கினுகோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். சேர்ந்த இடத்தில் ஒரு நூலிழைகூட விலகல் இல்லை.

"மார்ச்சுல இவ இதைவிடப் பருமனா இருந்தா" என்றாள். "இப்போ இருக்கிற உடம்புக்குத்தான் அளவெடுத்து வரைஞ்சிருக்கா, பாவி."

குனிஹிரோ படுக்கையருகே நகர்ந்து மண்டியிட்டார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, தம்பி. நான் கச்சையைக் கட்டறேன்."

முடிச்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். இகாராஷி வெள்ளைக் கோடியை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். கினுகோ கச்சையைச் சுற்றிக் கட்டி, கழுத்துப்பட்டியை நீவிவிட்டு எழுந்தாள்.

"சாயங்காலம் மூடி வேண்டாம்" என்றாள் இகாராஷியிடம். "முழுசாத் திறந்தே இருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்." பிறகு குனிஹிரோவிடம், "கட்டியாச்சு. கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை.