ஸ்பிரிங் முகம் காட்டிய படம்

படம் தேறாது என்பது டைட்டில் முடிவதற்குள்ளேயே பழைய ஸ்டண்ட்காரர் ஸ்பிரிங்குக்குத் தெரிந்துவிட்டது. சாமுராய் மாதிரி உச்சந்தலையில் கொண்டை போட்ட கதாநாயகன், அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்க மலை மலையாக நடந்தான். நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். எதிரி வந்தால் குனிந்து வணங்கி, கண்ணை மூடி, காற்று வீசும்வரை காத்திருந்து அப்புறம்தான் வாளை உருவுவான். அதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

மதியக் காட்சிக்கே தியேட்டர் ஈயோட்டிக்கொண்டிருந்தது. இருந்தால் என்ன? பக்கத்து நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். படம் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன.

மகள் சின்னவளாக இருந்தபோதே அவளை அழைத்துக்கொண்டு மனைவி போய்விட்டாள். மனைவியைக் குற்றம் சொல்ல அவருக்கு வாயில்லை. சண்டைக் காட்சிகளில் ஹீரோக்களுக்கு டூப் போட்ட மனிதர், ஷூட்டிங் ஷூட்டிங் என்று அலைந்து, சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போனார். ஸ்பிரிங் என்று பேர் வாங்கித் தந்த முழங்கால்கள் இப்போது மாடிப்படி ஏறினாலே முனகுகின்றன. ஒற்றை அறை, தைல வாசனை, பேச்சுத் துணைக்கு ஒரு டிவி. மகள் எப்போதாவது போன் செய்வாள். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சும்மா." அவ்வளவுதான். அப்புறம் அறை முன்னைவிட அமைதியாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில், "அந்தப் படத்துல மாடியிலேர்ந்து குதிக்கிறது எங்கப்பா" என்று பெருமையடித்துப் பொய்க்காரி என்று பேர் வாங்கியவள் அவள். திரையில் தெரிந்தது ஹீரோவின் முகமாயிற்றே! அது அவர் நெஞ்சில் முள்ளாய் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் சண்டை மாஸ்டர், "அண்ணே, கடைசிச் சண்டையில உங்களுக்கு விக் கிடையாது, முகமூடி கிடையாது. வெட்டு வாங்கி, கேமராவைப் பார்த்துச் சாகுறீங்க" என்று சொன்னதும், முதலில் அவளுக்குத்தான் போன் செய்தார்.

"என் மூஞ்சி வருதும்மா. நீ வந்து பாக்கணும்."

வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

"இதோ, இப்ப வரும்" என்று அவள் கையைப் பிடித்தார். திரையில் கொட்டும் மழை. கோட்டை வாசலை நோக்கி ஓர் ஆள் நமக்கு முதுகு காட்டி நடந்து போனான். அவர்தான். ஹீரோ கூப்பிட்டான். அவர் திரும்பத் தொடங்கும்போதே வாள் பாய்ந்தது. அந்தப் பாழாய்ப்போன கழுத்து, சட்டென்று கேமராவை விட்டு விலகிக்கொண்டது. முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார்.

"அய்யோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ஸ்பிரிங்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை, யாரும் காட்சியை வெட்டவில்லை. அடி விழும்போது மூஞ்சியை மறை என்பதுதான் டூப்புக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். ஆயுசு முழுக்க அதைச் செய்த உடம்பு, கேட்காமலே செய்துவிட்டது. ஷூட்டிங் அன்றைக்குக் கேமராவை நேராகப் பார்த்ததாகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பார். இயக்குநரோ, எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஓகே சொல்லிவிட்டிருந்தார்.

படம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அவர்தான் ஆரம்பித்தார்.

"உன்னை வீணா அலைய விட்டுட்டேம்மா. கழுத்து என் பேச்சைக் கேக்கல."

"அது நீங்கதான்னு எனக்கு உடனே தெரிஞ்சுதுப்பா."

"எப்படிம்மா? மூஞ்சியே வரலையே!"

"நடந்து போனீங்களே, அதுலயே. சின்ன வயசுல ஜன்னல்ல நின்னு நான் பார்த்ததெல்லாம் உங்க முதுகுதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சும்மா, இருக்கிறதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பஸ் வந்தது.

"உடம்பைப் பாத்துக்கங்க" என்று ஏறிக்கொண்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கையசைத்தாளா, முடியை ஒதுக்கினாளா, தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. முழங்கால் வலி உயிர் போயிற்று. ஆனாலும் அவர் முதுகைக் காட்டித் திரும்பவில்லை. பஸ் தெருமுனையில் மறைந்த பிறகும், அது போன திசையைப் பார்த்தபடி, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.