ராணியாக நின்ற சாக்பீஸ்

நீதிபதியம்மாவின் கறுப்பு அங்கியில் இடது கை இரண்டு அங்குலம் குட்டையாகிப்போனது. வெட்டியது யார் என்று எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் காலையிலிருந்து வாய்ச்சண்டை. தையல்கடையில் இருப்பதே நாங்கள் இருவர்தான். இருவருமே 'நானில்லை' என்று அடித்துச் சொன்னோம். நான்கு மணிக்கு அவர் வந்துவிடுவார். கடைசியில், சதுரங்கத்தில் தோற்பவர் பழியை ஏற்பது என்று முடிவாயிற்று.

எனக்கு வெள்ளை. எங்கள் வெள்ளை ராணி தொலைந்து வெகுநாளாகிறது. அதற்குப் பதில் துணியில் குறி போடும் சாக்பீஸ்தான் நிற்கும். நடுச் சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. இரண்டு ராஜாக்களுக்கும் நடுவே பாதை வெறிச்சென்று கிடந்தது. குதிரையை எடுக்கலாமா என்று யோசித்தேன். யோசிக்கும்போது என் கை சும்மா இருக்காது. சாக்பீஸை எடுத்து, மடியில் கிடந்த துணியில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

"தொட்டாச்சுல்ல மாமா. ராணியத்தான் நகத்தணும்" என்றான் மச்சான்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. நேற்றும் ஆட்ட யோசனையிலேயேதான் அந்த அங்கிக்குக் குறி போட்டேன். இப்படி இழுத்த வேண்டாத கோட்டின் மேல்தான் கத்தரியை ஓட்டியிருக்கிறேன்.

மடியிலிருந்த கோட்டைத் தட்டி அழித்தேன். ஜெயித்துவிட்டால் பழி அவனுக்கு. வெட்கமே இல்லாமல் அப்படித்தான் நினைத்தேன். ராணியை என் ராஜாவுக்கு முன்னால் நிறுத்தி, அவன் ராஜாவுக்கு செக் வைத்தேன். அவன் பிஷப்பைக் குறுக்கே விட்டான். இனி அது அசைய முடியாதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரத்துச் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு குஷியாக இருந்தேன். அவன் அலட்டிக்கொள்ளாமல் கோட்டை கட்டி ராஜாவை ஒதுக்கினான். யானையை என் ராணிக்கு நேர் எதிரே கொண்டுவந்தான். பிறகு நடுவிலிருந்த பிஷப்பை நகர்த்தி, அதைக் கொண்டே எனக்கு செக் வைத்தான். நான் குதிரையை வைத்து மறைத்தேன். யானை வந்து ராணியைத் தூக்கிக்கொண்டு போனது. அத்தோடு ஆட்டமும் போயிற்று.

நிமிர்ந்தால் வாசலில் நீதிபதியம்மா. மச்சான் சாக்பீஸும் கையுமாக எழுந்து, தப்பு எங்கள் இருவருடையதுதான் என்று ஆரம்பித்தான். ஜெயித்தவன் பாதிப் பழியை ஏற்கிறான். எனக்கு அவமானமாக இருந்தது.

"அவன் இல்லம்மா. வெட்டுனது நான். தோத்துட்டேன்னு சொல்லல, நெஜமாவே நான்தான்."

அவர் அங்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் புதுக் கை வைத்தாக வேண்டும் என்றார். பிறகு பலகைப் பக்கம் குனிந்தார். என் காய்கள் பாதிக்கு மேல் வீட்டைவிட்டே கிளம்பியிருக்கவில்லை.

"ராணிய இவ்வளவு சீக்கிரம் வெளிய விட்டது யாரு?"

"அதுவும் நான்தாம்மா."