உலக்கையும் முதுகுப் பிள்ளையும்

அன்று மாமரத்தடியில் நாங்கள் மூன்று பெண்கள். உரலுக்கு இந்தப் பக்கம் நான், எதிரே பக்கத்து வீட்டு நியாகோண்ட்வே. பாயில் என் நாத்தனார், அவள் மடியில் என் மகன் வெசி.

எங்கள் ஊர் ரும்பிக்கு மாவு மில் வராத காலம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டுதான் எல்லோரும் சோளம் இடிப்போம். நான் மட்டும் கட்டமாட்டேன். உலக்கையை ஓங்கினாலே, ‘நீயே பிள்ளை தலையில் போட்டுவிடுவாய்’ என்று ஓர் எண்ணம் வரும். ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்திலிருந்த கணவருக்கு, பிள்ளையை உங்கள் அம்மாவிடம் அனுப்பிவிடுகிறேன் என்று கடிதமே எழுதி வைத்திருந்தேன்.

"ஏன்டி, பெத்தது உனக்குப் பாரமா?" என்று சீண்டினாள் நியாகோண்ட்வே. அந்த எண்ணத்தை அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "இவ்வளவுதானா? என் நாலு புள்ளைக்கும் எனக்கு அந்த நெனப்பு வந்துச்சுடி. செய்யப்போறவ இப்படியா பயந்து அழுவா? அது வந்தா வரட்டும், நீ பாட்டுக்கு இடி."

அவளே துணியால் வெசியை என் முதுகில் கட்டினாள். மாறி மாறி இடித்தோம். எண்ணம் வந்தது, கை நிற்கவில்லை. வெசி தூங்கிப்போனான். அந்தச் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது.

மாலையில் பழைய கடிதத்தைக் கிழித்தேன். ‘பிள்ளை என்னோடுதான் இருக்கிறான், பல் முளைத்திருக்கிறது’ என்று புதிதாக எழுதி, உறையை ஒட்டி, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.