தொண்ணூற்று நான்காம் பாட்டின் மெட்டு

முப்பது வருடமாக நான் ஆலயத்தில் பாடுவதில்லை. பெஞ்சில் வைத்திருக்கும் பாட்டுப் புத்தகத்தை எடுத்துச் சரியான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். வாயை மட்டும் திறக்க மாட்டேன். எனக்குக் குரல் கிடையாது. அது சபைக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். என் மனைவி சாந்தம்மாவுக்கு இது தீராத குறை.

ஏனென்றால் அவள் பாட்டு எழுதுகிறவள். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பழுதான சாமானில் கட்டும் சிவப்பு ரிஜெக்ட் அட்டைகளில் கிழிந்தது, மிஞ்சியது எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவாள். பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் எழுதியவர் பெயர் பொடி எழுத்தில் இருக்குமே, மற்றவர்கள் பாட்டைத் தேடினால் இவள் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவாள். "இவரு வாத்தியாரா இருந்திருப்பாருங்க" என்பாள். "இந்தம்மா புள்ளயப் பறிகொடுத்தவங்க, ரெண்டாவது சரணத்துலயே தெரியுது பாருங்க" என்பாள். என்றோ செத்துப்போனவர்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பேசுவாள்.

இந்த வருடம், விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகைக்கு அவள் எழுதிய பாட்டையே சபையார் பாடட்டும் என்று ஆயர் சொல்லிவிட்டார். இதுதான் முதல் தடவை. வீட்டில் இரண்டு நாள் குழம்பில் உப்பே இல்லை. நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

"முன்னாடி நிக்கிறவங்க மரியாதைக்குப் பாடுவாங்க," என்றாள். "கடைசி பெஞ்சு பாடுனாத்தாங்க அது பாட்டு. இல்லன்னா இந்த அட்டையெல்லாம் அடுப்புல போட்டுட்டு எழுதறதையே வுட்டுடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

எங்கள் வழக்கத்தில் புதுப் பாட்டுக்குப் புது மெட்டுப் போடுவதில்லை. புத்தகத்தில் வரிகளின் அளவு ஒத்துப்போகிற ஏதாவது ஒரு பாட்டின் எண்ணை மேலே குறித்துவிட்டால் அந்த மெட்டிலேயே சபை பாடிவிடும். சாந்தம்மா தன் பாட்டை, சாயங்கால ஆராதனையில் மெதுவாகப் பாடும் ஒரு பாட்டின் மெட்டில் எழுதியிருந்தாள். அவளுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அச்சடிக்கக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, 'மெட்டு: பாட்டு 94' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மலையைப் புரட்டியவன் மாதிரி ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டிலிருந்தது என் அப்பா காலத்துப் பழைய பதிப்பு. ஆலயத்தில் இருப்பதோ புதிய பதிப்பு. அதில் எண்களெல்லாம் மாறிவிட்டன. இந்தப் புத்தி எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்தது.

பீடத்துக்கு முன்னால் தக்காளிக் கூடைகள், கேழ்வரகுக் கதிர், ரோஜாக் கட்டுகள், கால் கட்டிய ஒரு கோழி. கீபோர்டில் அஜித்குமார். கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்கிறவன், தாளில் என்ன இருக்கிறதோ அதில் மயிரிழை பிசக மாட்டான். புதிய புத்தகத்தின் 94ஐ வாசித்தான். கல்யாணப் பெண் உள்ளே நடந்து வரும்போது வாசிக்கிற மெட்டு!

பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையிலிருந்து சாந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன்.

நிறுத்த வழியில்லை, சபை எழுந்துவிட்டது. நல்லவேளை, இரண்டு மெட்டும் ஒரே அளவு.

மழை தந்த நாளும் உமது,
மழை தராத நாளும் உமது,
இரண்டு நாளும் அடுப்பெரிந்தது,
இரண்டு நாளும் ஸ்தோத்திரம்.

முதல் சரணத்தில் தடுமாறினார்கள். இரண்டாவதில் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பெண்கள்கூட, தெரிந்த மெட்டு என்பதால், கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். மூன்றாவதில் பாட்டு நடு வரிசைவரை வந்துவிட்டது. அதோடு நின்றது. கடைசி பெஞ்சில் நாங்கள் நான்கு பேர். பக்கத்தில் மாதேஷ், நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவன், நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரே ஒரு சரணம்தான் மிச்சம்.

எனக்கு அந்தச் சிவப்பு அட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. பயமாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

மாதேஷ் திடுக்கிட்டு விழித்தான். "திம்மப்பண்ணே, நீங்களா?" என்று சிரித்தவன், சிரித்துக்கொண்டே பாடினான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. ஆயர் கடைசிச் சரணத்தை இன்னொரு முறை பாடச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் தேன்கனிக்கோட்டை ரோட்டில் திரும்பியதும் கேட்டாள்.

"நம்பரு நீங்க எழுதுனதுதான?"

"ஆமா. அப்பா புக்கப் பாத்து எழுதிட்டேன். தப்புதான்."

"கடைசி பெஞ்சுல யாரோ சுருதியே இல்லாம கத்துனாங்க."

"அங்க வரைக்குமா கேட்டுச்சு?"

"கேட்டுச்சு." என் தோளில் கை வைத்தாள். "அதக் கேட்டப்பறம் மெட்டு தப்புங்கறதே எனக்கு மறந்துபோச்சுங்க."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவள் பையிலிருந்து ஒரு கட்டு சிவப்பு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு," என்றாள். "நம்பர நானே எழுதிக்கறேன். நீங்க பாடுனாப் போதும்."