தீபக் கட்டிய தெரு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னான் ஆராய்ச்சி நிலையத்துப் பையன் தீபக். என் கண்ணாடியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. மடித்து உறையில் போட்டுச் சட்டைப் பையில் நானே வைத்துக்கொண்டேன். எதிரே மேஜையில் அந்தக் கவசம் இருந்தது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட்டில் கண்ணுக்கு நேராக ஒரு டப்பாவைப் பொருத்தியது போன்ற தோற்றம். அதன் பின்பக்கத்திலிருந்து கட்டைவிரல் கனத்தில் ஒரு வயர் கிளம்பி, தரையில் இரண்டு சுற்று சுற்றி, கம்ப்யூட்டருக்குள் போயிற்று. மாட்டிக்கொண்டால் ஒரு தெரு தெரியும், தலையைத் திருப்பினால் பக்கத்து வீடு தெரியும், கையில் கொடுக்கும் கைப்பிடியை முன்னால் தள்ளினால் நாம் நடப்போம் என்றார்கள். அதற்கு விர்ச்சுவல் ரியாலிட்டி என்று பெயர். ஞாபகம் தேயத் தொடங்குவதை, அது வெளியில் தெரிவதற்கு முன்பே, அந்தத் தெருவில் நடக்கவைத்துக் கண்டுபிடித்துவிடலாமாம்.

என் மகன் மாதவின் மனைவி ஹம்ஸா மைசூரில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை பார்த்தாள். மறதிக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, மறதி இல்லாத முதியவர்கள் நாற்பது பேர் வேண்டியிருந்தது. முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். "எங்க மாமனாருக்கு எழுபத்திநாலு வயசு. ரயில்வே கார்டா இருந்தவர். பெங்களூர் வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாம இப்பவும் சொல்லுவார்னு புரொஃபஸர்கிட்ட பெருமையா சொல்லிட்டேன்ப்பா. வருவேள் இல்லையா?"

வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் பாட்டனார் காலத்திலிருந்து மைசூர் ரயிலில் மூன்று தலைமுறை சேவை. கௌரிசங்கர் கார்டு, அதாவது என் வண்டி என்றால் ஸ்டேஷனில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பேச்சு உண்டு. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு ஸ்டேஷன்களை இரண்டு முறை எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன்.

காரணம் எனக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டுமே தெரியும். சோதனைக்கு நாற்பது நாள் முன்னால், மண்டி மொஹல்லாவில் பூட்டு வாங்கப் போனேன். வாங்கினேன். கடையை விட்டு வெளியே வந்தால் தெருவை அடையாளம் தெரியவில்லை. ஐம்பது வருஷமாகப் போய்வரும் கடைத்தெரு. வெங்காய மூட்டை, கைவண்டி, மசூதிச் சுவர் எல்லாம் கண்ணில் பட்டன. ஆனால் எதற்கு அடுத்து எது என்பது போய்விட்டது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் யாரிடமும் வழி கேட்டவன் அல்ல. வெயிலில் ஒரே சந்தில் மூன்று முறை சுற்றினேன். நாலாவது முறை ஒரு கை என் குடையைப் பிடித்தது.

"ஏனுங் கார்டு சாமி, ரவுண்டு வண்டி ஓட்டறீங்களா?"

தொட்டையன். ஹனூர்ப் பக்கத்துக்காரன். பாண்டவபுரத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்று, அங்கே மருமகன் வெங்காயக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஆட்டோ பிடித்து விஜயநகர் வரைக்கும் கூட வந்து, வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொன்னான். "இங்கிருந்து நீங்களே நடந்து போயிருங்க சாமி. நான் பார்த்துக்கிட்டு நிக்கறேன். நான் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடமாட்டனுங்க."

வீட்டில், பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை ஹம்ஸாவோடு சிட்டி பஸ்ஸில் போகும்போதே தெரியும், நான் அகப்பட்டுக்கொள்ளப் போகிறேன் என்று. முதலில் வாய்ச்சோதனை. தேதி, கிழமை கேட்டார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். கழித்தேன். ஹம்ஸாவே ஆசையாகக் கேட்டாள் என்று ஸ்டேஷன்களும் சொன்னேன். நாகனஹள்ளி, ஸ்ரீரங்கப்பட்டணா, பாண்டவபுரா. சொல்லச் சொல்ல மீட்டர்கேஜ் வண்டியின் ஆட்டம் காலில் ஏறியது. காவிரிப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறும். எலியூரைத் தாண்டினால் ஆலை வெல்ல வாசனை கார்டின் பிரேக் வேனுக்குள் வரும். மழைக்காலத்தில் ராமநகரத்துப் பாறைகள் கறுத்து, குளித்துவிட்டு நிற்கும் யானைகள் மாதிரி இருக்கும். இப்போது அந்த லைன் அகலப்பாதை ஆகிவிட்டது. என் வண்டி போன தண்டவாளத்தைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பெங்களூரில் கொண்டுவந்து நிறுத்தினேன். தீபக் கைதட்டினான்.

"ஸார், நீங்க எங்க மிஷினுக்கே பரீட்சை வைப்பீங்க போலிருக்கு."

நல்ல பையன். இருபத்தைந்து வயது இருக்கும். கவசத்தின் திருகை என் கண்ணுக்குச் சரிசெய்துகொண்டே பேசினான். "இந்தத் தெருவை நான்தான் கட்டினேன் ஸார். எங்கப்பா அய்யாவு மேஸ்திரி. உங்க விஜயநகர்ல பாதி வீடு அவர் கை பட்டது. சின்ன வயசுல அங்கதான் மணல்ல விளையாடினேன். எனக்குத் தெரிஞ்ச தெரு அதுதான். அதையே போட்டுட்டேன். அவர் செங்கல்ல கட்டினாரு, நான் இதுல."

இருட்டு கொஞ்ச நேரம். பிறகு தெரு. வீடுகள் வர்ணம் பூசிய பெட்டிகளாக நின்றன. வானம் ஒரே நீலம். நிழல் இல்லை, புழுதி இல்லை.

"ஒரு நாய்கூட இல்லையே" என்றேன்.

"நாய் போட்டா மெமரி பத்தாது ஸார்."

வேலை இதுதான். மஞ்சள் வீட்டில் கிளம்பி, அவன் சொல்லச் சொல்லத் திரும்பி, மருந்துக்கடை வரை ஒருமுறை போகவேண்டும். பிறகு யாரும் சொல்லாமல் தனியாகத் திரும்பி வரவேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கென்றே வைத்த பரீட்சை. டிரைவர் வழியை முன்னால் பார்க்கிறான். கார்டு கடைசிப் பெட்டியில் நின்று, பின்னால் விலகிப்போவதையும் பார்க்கிறவன். ஸ்டேஷன் தாண்டும்போது திரும்பி, பச்சைக்கொடி காட்டி, ஸ்டேஷன்காரரிடம் 'ஆல்ரைட்' சைகை வாங்கவேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஊர்களின் முதுகைப் பார்த்து வழி கற்றவன் நான். ஒவ்வொரு முனையிலும் திரும்பிப் பார்த்தேன். தபாலாபீஸ் முனையில் திரும்பினேன். கோவில் முனையில் திரும்பினேன். வயர் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"ஏன் ஸார் பின்னாடியே பாக்கறீங்க?" என்று தீபக் வயரை எடுத்துவிட்டான்.

"அது என் தொழில்" என்றேன்.

மருந்துக்கடை வந்தது. "இப்ப வீட்டுக்குப் போங்க ஸார்" என்றான்.

திரும்பினேன். எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. கோவில் தெரிந்தது. சற்றுமுன் பார்த்த கோவில்தான். ஆனால் அதற்கு முன்னால் எது, பின்னால் எது என்பது கழன்றுகிடந்தது. கைப்பிடியைத் தள்ளினேன். பள்ளிக்கூடம் வந்தது. இன்னொரு முனை. மறுபடி பள்ளிக்கூடம். மண்டி மொஹல்லாவில் நடந்ததேதான். அங்கே வெயிலைச் சொல்லலாம், கூட்டத்தைச் சொல்லலாம். இங்கே இரைச்சல் இல்லை, ஆள் இல்லை, மூச்சு முட்டவில்லை. என் தொழிலை மட்டும் கேட்டது அந்தத் தெரு. அதைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. குடையைப் பிடித்து நிறுத்த அங்கே யாரும் வரவில்லை.

எவ்வளவு நேரம் சுற்றினேனோ. கவசத்தைக் கழற்றியது ஹம்ஸாவின் கை. அவள் முகத்தில் நிறம் இல்லை.

"தலை சுத்தித்தா அப்பா? சில பேருக்கு இது ஒத்துக்காது" என்றாள். பிறகு தீபக்கிடம், "ஹெட்செட்ல கோளாறுன்னு போட்டுடலாம் தீபக். இவர் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம்."

"மிஷின் நல்லாத்தான் ஓடுச்சு மேடம்" என்றவன், என்னைப் பார்த்துவிட்டு, "காபி சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனான்.

ஹம்ஸா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கும் தெரிய வேண்டாம்ப்பா. மாதவ்கிட்டகூட நான் சொல்லமாட்டேன். நம்மாத்துக்குள்ளேயே வெச்சுப்போம்."

நம்மாத்துக்குள்ளேயே. அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் நான்தான். என் தகப்பனார் பாண்டவபுரத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையரானவர். அறுபத்தொன்பதாம் வருஷம் அவருக்கு ஞாபகம் பிசகியது. வேஷ்டி நழுவியதுகூடத் தெரியாமல், வண்டிக்கு வழிவிடும் லைன் கிளியர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று தெருவில் இறங்குவார். கவுரவமான குடும்பம், நாலு பேர் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று, ரயில்வே குவார்ட்டர்ஸில் பின்கட்டு அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வந்தவர்களிடம் கும்பகோணம் போயிருக்கிறார் என்றோம். என் மனைவி அன்னபூர்ணிதான் ஒருநாள் கேட்டாள், "மூணு வருஷமாவா கும்பகோணம்?" என்று. அறைக்குள்ளிருந்து அவர் கதவைத் தட்டுவார். கண்டபடி தட்டுவதில்லை. அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் கேட்க மணி அடிக்கும் கணக்கில், அளவாக, இடைவெளி விட்டுத் தட்டுவார். கேட்ட மணிக்குப் பதில் மணி அடிப்பதுதான் ரயில்வே ஒழுங்கு. அந்த வீட்டில் அந்தக் கணக்குத் தெரிந்த இன்னொருவன் நான் ஒருவன்தான். ஒருநாளும் நான் திருப்பித் தட்டவில்லை.

"ஹம்ஸா, அந்த ஃபாரத்தை எடும்மா" என்றேன்.

"வேண்டாம்ப்பா."

"அறுபத்தியேழுல மத்தூர்ல நான் வடை வாங்கப் போய் வண்டி நாலு நிமிஷம் லேட். என்ஜின் கோளாறுன்னு எழுதிடலாம், டிரைவரே சரின்னான். தாமதத்துக்குக் காரணம் கார்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாசம் என்னை வடை கார்டுன்னு கூப்பிட்டா. அதனால நான் செத்துப்போகலை. எழுது."

அவள் காகிதத்தை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டாள். வரிசையாகக் கேள்விகள் இருந்தன. என்னை நிமிர்ந்து பார்க்காமல் படித்தாள். "இதுக்கு முன்னாடி எப்பவாவது வழி தவறினது உண்டா?"

"உண்டு. ஏப்ரல் ஒன்பது, வியாழக்கிழமை. மண்டி மொஹல்லா. பதினோரு மணி பத்து நிமிஷம்."

பேனா நின்றது. அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "தொலைஞ்சு போன டயத்தைக்கூட இவ்வளவு கரெக்டா சொல்றது நீங்க ஒருத்தர்தான்ப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

"மாதவ்கிட்ட நானே சொல்றேன்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. ஆத்துக்கு யாராவது வந்தா, நான் ஊருக்குப் போயிருக்கேன்னு மட்டும் சொல்லாதேங்கோ."

அவளுக்கு அது என்னவென்று தெரியாது. கல்யாணமாகி அவள் வந்தது எவ்வளவோ பிற்பாடு. இருந்தாலும், "சொல்லமாட்டோம்" என்றாள். தீபக் கொண்டுவந்த காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

வெளியே வந்தபோது மணி நாலு இருக்கும். கட்டடத்தின் படிக்கட்டில் இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பஸ் நிற்கும் வாசலுக்கு, மற்றொன்று மாணவிகள் விடுதிக்கு. காலையில் ஹம்ஸா பேசிக்கொண்டே வந்ததில், எந்தப் பாதையில் வந்தோம் என்று நான் கவனிக்கவில்லை. அவள் கடைசிப் படியில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். சரியாகத்தான் இருந்தது அது.

"நீங்க நடங்கோப்பா. நான் வரேன்."

மத்தியான மழையில் மரங்களிலிருந்து மஞ்சள் பூ உதிர்ந்து இரண்டு பாதைகளையும் மூடியிருந்தது. பெருக்குகிற அம்மாள் ஒருத்தி விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், எங்கே தொடங்குவது என்று யோசிப்பவள் போல. எந்தப் பாதையிலும் ஒரு காலடிகூடப் பதியவில்லை. நான் நின்றேன். தப்பானால் பின்னால் அவள் வருகிறாள் என்று வலது காலை எடுத்துவைத்தேன். ஈரப்பூக்கள் செருப்பின் அடியில் சத்தமில்லாமல் அமுங்கின.