ஓரத்தில் ஓடும் கடிகாரம்

1
இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து திருடினேன். வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் சித்தி சித்தப்பாவைத்தான் பார்ப்பாள். "சுவரை எடுத்தேல்ல, அனுபவி." சித்தப்பா தட்டைப் பார்ப்பார்.

2
மழை பெய்துகொண்டிருந்த மாலையில், ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோரம் அவள்—

(வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துக் கெட்டுப்போன தொடக்கம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாதாம்.)

ஜன்னலில்லாத அறை. முதுகுக்கு முதுகாக இரண்டு மேசைகள். அவள் இன்னும் சித்தி ஆகவில்லை. இயந்திரத்துக்கு அடித்தளமான நிரலை, கர்னலை, எழுதிக்கொண்டிருந்தாள். இவ்வளவூண்டு கர்னல். நிரல்களுக்கிடையே செய்திகளை வாங்கிக் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. மற்றவையெல்லாம் வெளியே, தனித்தனிச் சுவருக்குள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

பின்மேசைக்காரன், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பித்தன். அங்கிருந்த பழைய நிரல்கள் எல்லாம் யூனிக்ஸுக்காக எழுதப்பட்டவை. அதனால் யூனிக்ஸையே அவள் கர்னலின் மேல் ஓர் அறையில் குடிவைத்தான். பழைய நிரல்களுக்கு வீடு மாறியதே தெரியவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் செய்தி சுவர் தாண்டிப் போய்வர வேண்டும்.

"ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள, வாங்கலாமான்னு பார்க்க வர்றவங்க எழுந்து போயிடுவாங்க" என்றான்.

"போகட்டும். விழாதுல்ல?"

3
அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. (எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.)

அவள் சாப்பிடப் போயிருந்தபோது நடுச்சுவரை எடுத்து, யூனிக்ஸைக் கர்னலுக்குள்ளேயே நகர்த்திவிட்டான். சொல்ல நினைத்தான். சொல்லவில்லை. மறுநாள் பார்க்க வந்தவர்கள் முன் எல்லாம் பறந்தது. அவள் தன் வித்தையைக் காட்ட எழுந்தாள்.

"இப்ப யூனிக்ஸைச் சாகடிக்கிறேன். ஓரத்துல கடிகாரம் தெரியுதா? அது நேரா கர்னல் மேல ஓடுது. நிக்காது."

விசையை அழுத்தினாள். கடிகாரம் நின்றது. உள்ளே இருந்த யூனிக்ஸ் கர்னலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது.

வந்தவர்கள் வேகத்தை எடுத்துக்கொண்டார்கள். அவள் சுவரை விட்டுவிட்டார்கள்.

4
அப்புறம் எப்படிக் கல்யாணம்? அவன் மன்னிப்புக் கேட்க, அவள் கண்கலங்க— (யார் நம்புவார்கள்?) சித்தியிடமே கேட்டேன்.

"வேற யாருக்குடா அந்தக் கர்னல் புரியும்?"

5
போன ஞாயிறு சித்தப்பா பரணிலிருந்து பழைய இயந்திரத்தை இறக்கினார். ஓய்வுபெற்றதிலிருந்து அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. யூனிக்ஸைக் கர்னலிலிருந்து பிரித்தெடுத்து, பழையபடி சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"இப்ப சாகடிச்சுப் பாரு" என்றார் சித்தியிடம்.

"மெதுவா இருக்குமே."

"இருக்கட்டும். நமக்கு இப்ப என்ன அவசரம்?"

ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தியின் விரல் விசைமேல். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

நீங்கள் வேண்டுமானால் தட்டிக் கேளுங்கள். பதில் சுவர் தாண்டி வர வேண்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.