மூணு தட்டு, ஒரு மடக்கு

தம்ளரின் விளிம்பில் நகத்தால் மூன்று தட்டு. டக், டக், டக். உடனே மூக்கம்மாள் வாயைத் திறப்பாள். ஒரு மடக்கு விழுங்குவாள். மறுபடி மூன்று தட்டு, மறுபடி ஒரு மடக்கு. தம்ளரும் ஏதோ ஒரு தம்ளர் இல்லை. நடுவில் நசுங்கிப் போன ஒரு பழைய அலுமினியத் தம்ளர். வெள்ளித் தம்ளரில் பாலை ஊற்றி நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தொண்டை வறண்டு கிடப்பாளே தவிர வேறு பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டாள்.

இதைக் கண்டுபிடிக்க அவளைப் பெற்ற அன்னத்தாய்க்கு மூன்று வருஷம் ஆனது.

மூக்கம்மாளுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. முகம் பார்க்க மாட்டாள். அன்னத்தாய் கூலிக்குப் போகும் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, உதிர்ந்த காம்புகளை நூல் பிடித்தாற்போல் அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு காம்பை யாராவது நகர்த்திவிட்டால் போதும், காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். எண்பதுகளின் தொடக்கம் அது. இதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் உண்டு என்பது அவர்கள் ஊரான கோம்பைப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் வைத்த பெயர்கள்தான் உண்டு. கிறுக்கு, பேய் பிடிச்சது, ஆத்தாகாரி செஞ்ச பாவம். தகப்பன் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போனவன், இறங்கவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்னத்தாய் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியர் சண்முகராஜ், தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் அளவு. மூக்கம்மாள் அசையவில்லை. அவர் கையைப் பிடித்துத் தூக்கியதும் அலறிய அலறலில் ஒன்றாம் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

"இதைக் கூட்டிட்டுப் போயிரும்மா. பக்கத்துல ஒக்கார வச்சா மத்த புள்ளைகளுக்கும் தொத்திக்கும்."

"காய்ச்சலா சார் தொத்துறதுக்கு? இது என் புள்ள சார்."

"ஒம் புள்ளதான், யாரு இல்லைன்னா? ஒன் வீட்டுல வச்சுக்க."

அந்த வார்த்தையை அன்னத்தாய் மறக்கவில்லை. மறக்கிற வார்த்தையா அது?

இரண்டு வருஷம் கழித்து வந்த சித்திரையில் ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. திருவிழா முடிந்த நாலாம் நாள் மேலத்தெருவில் இரண்டு பேர் போய்விட்டார்கள். சுகாதாரத் துறை ஜீப் வந்தது. கோடை விடுமுறைக்குப் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே இருந்த கிணற்றில்தான் கிருமி என்று சொல்லி, கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். நோயைத் தடுக்கப் போட்ட ஊர்க் கமிட்டிக்குத் தலைவர் சண்முகராஜ்தான். கேட்டில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்து, மணி மணியான கையெழுத்தில் எழுதினார்: 'நோயாளிகள் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது.'

ஒரு நாள் விடியலில் மூக்கம்மாளுக்கு வாந்தி எடுத்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் ஓடிப்போய் ஜீப்பை அழைத்து வந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தம்ளரை முந்தானையில் முடிந்துகொண்டு அன்னத்தாயும் ஏறினாள். கேட்டில் ஜீப் நின்றதும் இரண்டு பேர் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அவள் பின்னாலேயே கால் வைத்தபோது சண்முகராஜின் கை குறுக்கே வந்தது.

"நீ எங்கன போற? போர்டைப் பாக்கலையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். என்ன எழுதியிருக்கு?"

"சீக்காளி மட்டுந்தான் உள்ள போகலாம். நீ போனா ஒனக்கும் தொத்திக்கும், ஒங்கிட்டருந்து ஊருக்கும் தொத்திக்கும்."

"நான் இல்லாம அது ஒருத்தர்கிட்டயும் தண்ணி வாங்காது சார். இந்தத் தம்ளரையாச்சும் உள்ள குடுங்க."

"வெளிப் பாத்திரம் கூடாது. அங்கன புதுத் தம்ளரு இருக்கு, நர்சம்மா இருக்காக. பாத்துக்குவாக."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அன்னத்தாய். உள்ளேயிருந்து அலறல் வந்தது. அவளுக்குத் தெரிந்த அலறல்தான். வெளிச்சம் கூசினால் ஒரு மாதிரி, கையைப் பிடித்தால் ஒரு மாதிரி. இது கையைப் பிடித்த அலறல். சாமான் வாங்க வந்தவர்கள் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கிறுக்குப் புள்ளைக்குக் காலராவும் வந்திருச்சா? அதுவும் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க ஆத்தா" என்றான் ஒருவன்.

அன்னத்தாய் திரும்பினாள். "ஒன் வீட்டுப் புள்ளைக்கு வரும்போது இதே நல்லதைச் சொல்றேன், வந்து கேட்டுக்க." அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

வெயில் ஏறியது. அலறல் இருக்கும்வரை உயிர் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது. உச்சி நேரத்தில் அலறல் நின்றது.

"நர்சம்மா! ஏ நர்சம்மா!"

நர்ஸ் ஜெயமேரி முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தாள். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "அக்கா, ஒங்க புள்ள குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டிருச்சு. ரெண்டு கையையும் பெஞ்சுல கட்டித்தான் வச்சிருக்கு. அப்பவும் நரம்பு கெடைக்க மாட்டேங்குது. உப்புச் சர்க்கரைத் தண்ணியாச்சும் உள்ள போகணும். வாயையே தொறக்கல."

"கட்டிப் போட்டிருக்கீகளா? நர்சம்மா, கும்புடுறேன், கட்டை அவுத்து விடுங்க. இந்தத் தம்ளர்ல மூணு தட்டு தட்டுனா ஒரு மடக்கு குடிக்கும். என்னைய விடுங்க, குடம் தண்ணியும் குடிக்க வச்சுர்றேன்."

ஜெயமேரி சண்முகராஜைப் பார்த்தாள். "சார், விட்டுரலாமே சார்."

"மேல இருந்து வந்த உத்தரவும்மா. ஒருத்தியை விட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். சீக்காளின்னா விடு, இல்லைன்னா இல்ல. அம்புட்டுத்தான்."

"சீக்காளின்னா விடுவீகளா?"

அன்னத்தாயின் குரல் அடங்கியிருந்தது. அந்த அடக்கத்தில் ஏதோ மாறிவிட்டது என்று சண்முகராஜுக்கு உறைக்கவில்லை. "அதான் சொன்னேன்ல" என்றார்.

அவள் கிணற்றடிக்குப் போனாள். சோதனைக்காகக் காலையில் இறைத்த தண்ணீர் அரை வாளி அங்கேயே இருந்தது. சிவப்புக் குறி போட்ட சுவரில் ஒரு காலை வைத்துக்கொண்டு வாளியைத் தூக்கி வாயருகே கொண்டுபோனாள்.

"ஏய்! ஏ அன்னத்தாயி! அது விஷம்! என்ன பண்ற?"

"சீக்காளி ஆகுறேன் சார். இந்தத் தண்ணிதானே என் புள்ளையை உள்ள கொண்டு போச்சு? என்னையவும் கொண்டு போகட்டும். அன்னைக்கு என் புள்ள தொத்தும்னு பள்ளிக்கூடத்துலருந்து தொரத்துனீக. இன்னைக்குப் பெத்தவ தொத்துவான்னு கேட்டைப் பூட்டுறீக. ஒங்களுக்கு எதைக் கண்டாலும் தொத்துதே, என் புள்ள உள்ள செத்துக்கிட்டு இருக்கே, அந்தப் பாவம் தொத்தாதா?"

வாளியின் விளிம்பு உதட்டில் பட்டது. சண்முகராஜ் கேட்டை விட்டு ஓடி வந்து இரண்டு கையாலும் வாளியைத் தட்டிவிட்டார். தண்ணீர் அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. அதற்குள் ஜெயமேரி கேட்டை விரியத் திறந்துவிட்டாள்.

"வாங்கக்கா. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

வாசலிலேயே அன்னத்தாயின் கையில் தடுப்பூசி போட்டாள். லோஷனில் கையையும் வாயையும் கழுவச் சொன்னாள். தம்ளரைக் கொதிநீரில் முக்கி எடுத்துக் கொடுத்தாள்.

"அடுத்து?" என்றாள் அன்னத்தாய்.

"அம்புட்டுத்தான். உள்ள போங்க."

"இம்புட்டுத்தானா?" அன்னத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இந்த ஒரு ஊசிக்கும் சுடுதண்ணிக்குமா காலையிலருந்து என்னைய வெளிய நிக்க வச்சீக?"

ஜெயமேரி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

ஒன்றாம் வகுப்பு அறையில், ஜன்னல் வெளிச்சம் நேரே முகத்தில் விழ, கைகள் இரண்டும் துணியால் கட்டப்பட்டுக் கிடந்தாள் மூக்கம்மாள். கண் குழி விழுந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இந்த அறையில் அவளுக்கு இப்படித்தான் இடம் கிடைத்தது. அன்னத்தாய் முதலில் கட்டை அவிழ்த்தாள். ஜன்னலில் துணியை இழுத்துக் கட்டி வெளிச்சத்தை மறைத்தாள். தம்ளரில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள்.

டக், டக், டக்.

ஒன்றும் நடக்கவில்லை.

டக், டக், டக்.

வெடித்த உதடு மெல்லப் பிரிந்தது. ஒரு மடக்கு இறங்கியது. ஜெயமேரி சுவரில் சாய்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

பொழுது சாயும்வரை தட்டு நிற்கவில்லை. அடுத்த பெஞ்சில் கிடந்த ராக்கையா, எழுபது வயதுக்காரர், உப்புத் தண்ணீர் குமட்டுகிறது என்று காலையிலிருந்து அடம்பிடித்தவர், கண்ணைத் திறந்தார். "ஏத்தா, அந்தத் தட்டை எனக்கும் ரெண்டு தட்டு. நானும் குடிச்சுத் தொலைக்கிறேன்."

"ஒங்களுக்குத் தட்டுறதுன்னா முதுகுலதான் தட்டணும் பெருசு" என்றாள் அன்னத்தாய். அவள் அசந்து சாய்ந்த நேரங்களில் ஜெயமேரி தட்டப் பழகிக்கொண்டாள். முதல் இரண்டு தரம் வேகமாகத் தட்டிவிட்டாள், வாய் திறக்கவில்லை. மூன்றாம் தரம் திறந்தது.

நாலாம் நாள் மூக்கம்மாள் தானே எழுந்து உட்கார்ந்தாள். காலி மருந்துக் குப்பிகளைப் பெஞ்சு ஓரத்தில் வரிசை பிடித்து அடுக்கினாள். ஒருவரும் அதை நகர்த்தவில்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னத்தாய் கேட்டுக்கு வந்தபோது சண்முகராஜ் எழுந்து நின்றார்.

"அன்னத்தாயி, ஜூன்ல இவளைக் கூட்டிட்டு வா. காதெல்லாம் தொட வேண்டாம். நான் சேத்துக்கிறேன். தப்பு எம்மேலதான்."

அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அதற்காக அன்னத்தாயின் கோபம் இறங்கிவிடவில்லை.

"கூட்டிட்டு வாரேன் சார். சேக்குறது ஒங்க கடமை, அதுக்கு நான் கும்புடு போட மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. பேச்சு வராத புள்ளைக்கு, கூட இருக்கிற தாய்தான் வாயி. அந்த வாயை ரோட்டுல நிறுத்திப்புட்டு உள்ள வைத்தியம் பாத்தா, அது வைத்தியமில்ல, கொலை. எப்பேர்ப்பட்ட கொள்ளைநோய் வந்தாலும் இந்த மாதிரிப் புள்ளைகளைப் பெத்தவுககிட்டருந்து பிரிக்காதீக. என்ன வேணும்னு அவுககிட்ட மொதல்ல கேளுங்க."

சண்முகராஜ் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் மணி மணியான கையெழுத்தைத் தானே அழித்தார்.

"அழிச்சா மட்டும் பத்தாது சார்" என்றாள் அன்னத்தாய், ரோட்டில் இறங்கியபடி. "நாளைக்கு இன்னொருத்தி புள்ளையைத் தூக்கிட்டு வருவா. அவளும் கெணத்து வாளியைத் தூக்கட்டும், அப்புறம் தொறப்போம்னு காத்துக்கிட்டு இருக்காதீக."